இருக்கையின் கீழ் ஒரு பட்டறை: துவிச்சக்கர வண்டிக் கருவிப்பையின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

எந்திரங்களின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் அவற்றின் பிறப்பையே எழுதினர். யார் கண்டுபிடித்தார், எந்த ஆண்டில் உரிமம் பெற்றார், எந்நகரில் தொழிற்சாலை எழுந்தது என்பன நூல்களிற் பக்கம் பக்கமாக இடம்பெறும். அவ்வெந்திரம் நடுவழியிற் பழுதுற்று நின்றபோது அதனைத் திருத்தியவர் யார், எதனைக்கொண்டு திருத்தினார், அப்பழுதுக்கான பொறுப்பு யாருடையதாகக் கருதப்பட்டது என்னும் வினாக்கள் அடிக்குறிப்புகளிற்கூட அரிதாகவே தோன்றும். துவிச்சக்கர வண்டியின் வரலாறும் இதற்கு விலக்கன்று. அவ்வண்டியின் இருக்கைக்குக் கீழே, இரண்டு வார்களில் தொங்கும் சிறு தோற்பையொன்றை முன்வைத்து அவ்வரலாற்றை மீள நோக்கும்போது வேறொரு சித்திரம் புலனாகின்றது.

பையின் உள்ளடக்கம் எளியது. பல அளவுத் துளைகளைக் கொண்ட ஒரு சாவி, ரயரை வளையத்திலிருந்து நெம்பி எடுப்பதற்கான இரண்டு மூன்று நெம்புகோல்கள், இறப்பர் ஒட்டுத் துண்டுகள், 'சொலூசன்' எனப்படும் பசைக்குழாய், ரியூப்பைத் தேய்ப்பதற்கு ஒரு துண்டு மண்தாள், சிறிது சுண்ணத்தூள், வால்வுக்குப் போடும் மெல்லிய இறப்பர்க் குழாயில் ஒரு விரல் நீளம், பழைய துணி ஒன்று. எண்ணெய்ப் போத்தலும் சில வேளைகளில் உடன் இருக்கும். காற்றுப்பம்பி பைக்குள் அடங்காது. அது வண்டியின் சட்டத்தோடு பொருத்தப்பட்டிருக்கும். இவை யாவும் சேர்ந்து ஒரு கிலோகிராமைக்கூட எட்டாதபோதும், ஒரு பட்டறையின் சாரம் இவற்றுள் அடங்கிவிடுகின்றது.

இப்பை இருக்கையின் கீழ் இடம்பெற்றமைக்குக் காரணம் உண்டு. கைபிடியிற் தொங்கும் சுமை வண்டியைத் திருப்புவதற்கு இடையூறாகும். சட்டத்தின் நடுவே தொங்கினால் மிதிக்கும் முழங்கால்களைத் தட்டும். இருக்கையின் பின்புறத்து வில்லுகளுக்குக் கீழுள்ள சிறு வெளி வேறெதற்கும் பயன்படாதது. ஓட்டுபவரின் உடல் மறைப்பதால் எதிர்காற்றும் அங்கே தாக்குவதில்லை. 1866இல் பேர்மிங்காமில் தொடங்கப்பெற்ற புறூக்ஸ் நிறுவனம் போன்ற தோல் வேலைக்காரர், தாம் செய்த இருக்கைகளின் பின்விளிம்பிலேயே பை வார்களை மாட்டுவதற்கான வளையங்களை அமைத்தனர். பழுது என்பது தற்செயலான நிகழ்ச்சியன்று, பயணத்தோடு உடன்வரும் ஒன்று என்பதனை வண்டியைச் செய்தவர்களே ஒப்புக்கொண்டமைக்கு அவ்வளையங்கள் சான்றாகும்.

ஆயினும் பைக்குள் ஒரு சாவி இருப்பதற்கு முன்னர், அச்சாவிக்குப் பொருந்தும் திருகாணிகள் உலகில் இருத்தல் வேண்டும். கொல்லன் ஒவ்வோர் ஆணியையும் தனித்தனியே அடித்து உருவாக்கிய காலத்தில் ஒருவன் செய்த சுரை மற்றொருவன் செய்த ஆணியிற் பொருந்தாது. ஓர் அளவான உறுப்புகளைப் பெருந்தொகையாக உற்பத்தி செய்யும் முறை ஐக்கிய அமெரிக்காவின் ஆயுதத் தொழிற்சாலைகளில் வளர்ந்து, அங்கிருந்து தையல் எந்திரத் தொழிலுக்கும், அதிலிருந்து துவிச்சக்கர வண்டித் தொழிலுக்கும் பரவியது. 1878இல் அல்பேட் போப் தமது கொலம்பியா வண்டிகளை ஹார்ட்போட் நகரிலுள்ள ஒரு தையல் எந்திரத் தொழிற்சாலையிலேயே செய்விக்கத் தொடங்கினார். இங்கிலாந்தின் கொவென்றி நகரிலும் தையல் எந்திரம் செய்தோரே வண்டி செய்யத் தலைப்பட்டனர். எனவே, தன் வண்டியைத் தானே திருத்திக்கொள்ளும் தனிமனிதனுக்குப் பின்னால் பெருந்தொழிற்சாலையின் ஒழுங்கு நிற்கின்றது. தன்னிறைவு என்று போற்றப்பட்ட பண்பு தொடக்கத்திலேயே பிறரின் உழைப்பில் தங்கியிருந்தது என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

பெருஞ்சில்லு வண்டிகளின் காலத்திற் பை மிகச் சிறியது. சாவியும் எண்ணெயும் போதுமாயிருந்தன. சில்லில் ஒட்டப்பட்டிருந்தது திண்ம இறப்பர். அதிற் காற்றில்லை, ஆகவே காற்றுப் போவதுமில்லை. 1885இல் யோன் கெம்ப் ஸ்டார்லி செய்த றோவர் வண்டி, ஒத்த அளவிலான இரு சில்லுகளும் பின்சில்லை இயக்கும் சங்கிலியும் கொண்டு இன்றைய வடிவத்துக்கு வழிவகுத்தது. எனினும் கருவிப்பையின் உண்மையான வரலாறு 1888இலேயே தொடங்குகின்றது. அவ்வாண்டிற் பெல்பாஸ்ற் நகரில் விலங்கு மருத்துவராயிருந்த யோன் பொய்ட் டன்லொப், தம் மகனின் மூன்று சில்லு வண்டிக்குக் காற்றடைத்த இறப்பர்க் குழாயைப் பொருத்திப் பார்த்து, டிசம்பரில் அதற்கு உரிமமும் பெற்றார். (றொபேட் வில்லியம் தொம்சன் என்பார் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்கு முன்னரே இத்தத்துவத்துக்கு உரிமம் பெற்றிருந்தார். ஆயின் துவிச்சக்கர வண்டி இல்லாத காலத்தில் அக்கண்டுபிடிப்பு பெரும்பயன் தரவில்லை.) 1889 மே மாதத்தில் பெல்பாஸ்ற் ஓட்டப்போட்டிகளில் வில்லி ஹியூம் இப்புதிய ரயர்களோடு வெற்றிபெற்றபின், திண்ம இறப்பரின் காலம் முடிவுக்கு வந்தது.

வேகமும் சுகமும் வந்தன. கூடவே ஆணியும் முள்ளும் பகையாயின. டன்லொப்பின் முதலாவது ரயர் சில்லு வளையத்தோடு துணி சுற்றி ஒட்டப்பட்டது. அதில் ஓர் ஓட்டை விழுந்தால் துணியை அவிழ்த்து, பசையைக் கரைத்து, ஓட்டையை அடைத்து, மீண்டும் சுற்றி ஒட்டிக் காயவிடுதல் வேண்டும். தெருவோரத்திற் செய்யத்தக்க வேலையன்று அது. 1889இல் பிரான்சின் கிளேர்மோன் பெரான் நகரிலிருந்த மிச்செலின் இறப்பர்த் தொழிற்சாலைக்கு ஆங்கிலேயர் ஒருவர் இத்தகைய ரயரோடு வந்துசேர்ந்தார் என அந்நிறுவனத்தின் வரலாறு கூறுகின்றது. திருத்துவதற்கு மூன்று மணித்தியாலம் சென்றது. காய்வதற்கு ஓர் இரவு சென்றது. மறுநாள் எதுவார் மிச்செலின் ஓட்டிப் பார்த்தபோது சிறிது தூரத்திலேயே அது மீண்டும் காற்றிழந்தது. காற்றடைத்த ரயர் சிறந்தது, ஆனால் எவரும் எவ்விடத்தும் கழற்றிப் பூட்டக்கூடியதாயிருந்தாலே அது நிலைக்கும் என்ற முடிவுக்கு அவர் வந்தார். கழற்றத்தக்க ரயருக்கு 1891இல் அவர் உரிமம் பெற்றார். பிரித்தானியாவிலும் வெல்ச், பாட்லெற் ஆகியோர் 1890இலேயே இதே நோக்கோடு வெவ்வேறு முறைகளைக் கண்டிருந்தனர்.

1891 செப்ரெம்பரில் நடைபெற்ற பாரிஸ் – பிறெஸ்ற் – பாரிஸ் ஓட்டம் இம்மாற்றத்துக்குக் களமாயிற்று. ஏறத்தாழ 1,200 கிலோமீற்றர் தூரம். 200க்கு மேற்பட்டோர் புறப்பட்டனர். புறப்பட்ட வண்டியிலேயே திரும்ப வேண்டும் என்பது விதி. மிச்செலின் ரயர் பூட்டிய சார்ள் தெறோன், டன்லொப் ரயரில் முன்னணியிற் சென்ற சியேல் லவாலைப் பின்தள்ளி 72 மணித்தியாலத்துக்குள் பாரிஸை அடைந்தார். மறு ஆண்டு மிச்செலின் சகோதரர் பாரிஸிலிருந்து கிளேர்மோன் பெரான் வரை நடத்திய ஓட்டத்தில், வழியில் வேண்டுமென்றே ஆணிகள் தூவப்பட்டன. ரயர் பழுதடையாது என்று காட்டுவது அவர்தம் நோக்கமன்று. பழுதடைந்தால் சில நிமிடங்களில் திருத்தலாம் என்று காட்டுவதே நோக்கம். வணிக விளம்பரங்களின் வரலாற்றில் இத்துணை நேர்மையான சூழ்ச்சி வேறொன்று உண்டா என்பது ஐயமே. நெம்புகோலும் ஒட்டும் பசையும் இருக்கையின் கீழ்ப் பைக்குட் புகுந்தது இவ்வாறுதான்.

அவ்வொட்டுத் துண்டு எங்கிருந்து வந்தது என்பதனையும் வரலாற்று மாணவன் வினவுதல் வேண்டும். 1890களில் ஐரோப்பியச் சந்தைக்கு வந்த இறப்பர் தோட்டப்பயிரன்று. அமேசன் காடுகளிலிருந்தும் கொங்கோவிலிருந்தும் திரட்டப்பட்ட காட்டு இறப்பரே அது. பெல்ஜிய மன்னன் இரண்டாம் லியோபோல்ட் தன் தனியுடைமையாக ஆண்ட கொங்கோ நாட்டில், கிராமங்கள் தோறும் இறப்பர்த் திறை விதிக்கப்பட்டது. அளவு குறைந்தவிடத்துப் பெண்கள் பணயமாகப் பிடிக்கப்பட்டனர், ஆடவர் கொல்லப்பட்டனர், கைகள் வெட்டப்பட்டன. றோஜர் கேஸ்மன்றின் 1904ஆம் ஆண்டு அறிக்கை இக்கொடுமைகளை உலகறியச் செய்தது. 1908இற் கொங்கோ மன்னனிடமிருந்து பெல்ஜிய அரசின் கைக்கு மாறியது. ஞாயிறு பிற்பகலில் இங்கிலாந்தின் நாட்டுப்புறப் பாதையோரத்தில் அமர்ந்து, பிறர் உதவியின்றித் தன் ரியூப்புக்குத் தானே ஒட்டுப்போட்ட எழுதுவினைஞன் தன்னைச் சுதந்திரன் என்று எண்ணியிருப்பான். அவன் விரலில் ஒட்டிய பசையின் மூலம் அவன் அறியாத காடுகளிலிருந்தது.

தோட்ட இறப்பரின் வரலாறு நம் நாட்டோடும் நம் மக்களோடும் நேரடித் தொடர்புடையது. 1876இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து கொணர்ந்த விதைகள் இலண்டன் கியூ பூங்காவில் முளைப்பிக்கப்பட்டு, ஏறத்தாழ 2,000 கன்றுகள் இலங்கைக்கு அனுப்பப்பெற்று ஹெனரத்கொடப் பூங்காவில் நடப்பட்டன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இறப்பர் விலை உயர்ந்தபோது, களுத்துறை, கேகாலைப் பகுதிகளிலும் மலாயாவிலும் தோட்டங்கள் பரந்தன. அத்தோட்டங்களிற் பால் வெட்டியோரிற் பெருந்தொகையினர் தென்னிந்தியாவிலிருந்து கொணரப்பட்ட தமிழ்த் தொழிலாளர். உலகெங்கும் உருண்ட ரயர்களில் அவர்தம் உழைப்பும் கலந்திருந்தது என்பது மிகைக்கூற்றாகாது.

மேற்கு நாடுகளில் இப்பை சமூக உறவுகளிலும் சில மாற்றங்களுக்குக் காரணமாயிற்று. 1878இல் நிறுவப்பட்ட பிரித்தானியத் துவிச்சக்கரப் பயணிகள் கழகம் வழியிலுள்ள விடுதிகளையும் திருத்துநர்களையும் தெரிந்து அங்கீகரித்தது. ஆயினும் விடுதிக்கும் விடுதிக்குமிடையிலான தனிவழியிற் பைதான் துணை. பெண்களுக்கு இது மேலும் பொருள் பொதிந்ததாயிருந்தது. தனியே வண்டியோட்டிச் செல்லும் பெண் வழியில் நின்றுவிட்டால், முன்பின் அறியாத ஆடவனின் தயவை எதிர்நோக்க வேண்டியிருந்தது. 1896இல் நியூயோர்க்கில் மரியா வார்ட் என்பார் பெண்களுக்கென எழுதி வெளியிட்ட துவிச்சக்கர வண்டி நூலிற் பெண்களும் கருவிகளும் பற்றித் தனி அதிகாரமே உண்டு. ஊசியும் கத்தரிக்கோலும் கையாளத் தெரிந்தவளுக்குச் சாவியையும் கையாள இயலும் என்பது அவர் வாதம். வீட்டு வேலை என்று ஒதுக்கப்பட்ட திறனையே பொறிவினைத் திறனுக்கு ஆதாரமாகக் காட்டிய இவ்வாதம், அக்காலத்து மேடைப் பேச்சுக்கள் பலவற்றைக் காட்டிலும் வலிமை வாய்ந்தது. வாக்குரிமைக்கு அமெரிக்கப் பெண்கள் மேலும் கால் நூற்றாண்டு காத்திருக்க வேண்டியிருந்தது. சாவியை எடுப்பதற்கு அவர்கள் எவரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

இதுவரை கூறியன பையின் ஒளிமிக்க பக்கம். தன் பழுதைத் தானே திருத்தும் ஆற்றல் விரும்பியவருக்கு விடுதலை. அதனையே ஒருவர்மீது கட்டாய விதியாகச் சுமத்தும்போது அது யாது ஆகின்றது? இவ்வினாவுக்கு விடைகாண ஏற்ற களம் பிரான்சுச் சுற்றோட்டமாகும்.

1903இல் 'லோத்தோ' என்னும் விளையாட்டு நாளேட்டின் விற்பனையைப் பெருக்கும் நோக்கோடு இவ்வோட்டம் தொடங்கப்பெற்றது. அதன் ஆசிரியர் ஆன்றி டெகிறாஞ், 1893இல் ஒரு மணித்தியாலத்தில் 35 கிலோமீற்றருக்கு மேல் ஓடிச் சாதனை நிலைநாட்டிய முன்னாள் ஓட்டவீரர். ஒருவர் மட்டுமே முடிவை எட்டும் ஓட்டமே தலைசிறந்தது என அவர் கூறியதாகச் சொல்லப்படுவதுண்டு. போட்டியாளர் எவரிடமிருந்தும் உதவி பெறலாகாது. வண்டி பழுதுற்றால் அவரே திருத்தல் வேண்டும். வேறு வண்டிக்கு மாறலாகாது என்பன அவர் வகுத்த விதிகளுட் சில. எனவே ஓட்டவீரர் இருக்கையின் கீழ்க் கருவிப்பையும், தோள்களைச் சுற்றி எட்டு வடிவில் மாற்று ரயர்களும் அணிந்து சென்றனர். அக்காலப் புகைப்படங்களில் அவர்கள் விளையாட்டு வீரராகவன்றி, போர்முனைக்குச் செல்லும் சுமைகாவிகளாகவே தோன்றுகின்றனர்.

இவ்விதியின் முழுக் கடுமையையும் அனுபவித்தவர் யூஜேன் கிறிஸ்தோப். 1885இற் பாரிஸுக்கு அண்மையிலுள்ள மலக்கோவிற் பிறந்த இவர் இளமையிற் பூட்டுத் தொழில் பயின்றவர். 1912ஆம் ஆண்டு ஓட்டத்தில் இரண்டாம் இடம் பெற்றார். 1913இற் கணக்கிடும் முறை மாறியது. அதற்கு முந்திய சில ஆண்டுகளில் ஒவ்வொரு கட்டத்திலும் பெற்ற இடத்துக்கேற்பப் புள்ளிகள் வழங்கப்பட்டு வந்தன. 1913இல் மொத்த நேரமே அளவுகோலாயிற்று. இம்மாற்றத்தை ஓட்டத்தின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் போகிறபோக்கிற் குறிப்பிட்டுச் செல்வர். ஆனால் பழுதின் பொருளையே அது மாற்றிவிட்டது. புள்ளிமுறையில் ஒரு நாட் பழுது அந்நாளோடு போம். நேரமுறையில் இழந்த ஒவ்வொரு நிமிடமும் பாரிஸ் வரை உடன்வரும்.

ஆறாவது கட்டம் பயோனிலிருந்து பிரனீஸ் மலைகளைக் கடந்து லூசோன் வரை 326 கிலோமீற்றர். முன்னணியிலிருந்த ஒடில் டெப்ரேய் அன்று தளர்ந்து விலகவே, மொத்தக் கணக்கில் முதலிடம் கிறிஸ்தோப்பின் கைக்கெட்டிய நிலையில் இருந்தது. தூர்மலே கணவாயிலிருந்து இறங்கும்போது அவர் வண்டியின் முன்கவை முறிந்தது. பைக்குள் இருந்த எக்கருவியும் அதற்குப் பயன்படாது. சாவி சுரையைத் திருப்பும், ஒட்டு ஓட்டையை மூடும். முறிந்த உருக்கைப் பொருத்துவதற்கு நெருப்பு வேண்டும். அவர் வண்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு பத்துக் கிலோமீற்றருக்கு மேல் நடந்து, சென் மரி த கம்பான் என்ற சிற்றூரின் கொல்லன் பட்டறையை அடைந்தார். பின்னால் வந்தோர் ஒருவர்பின் ஒருவராக அவரைக் கடந்து சென்றனர்.

அங்கு நிகழ்ந்தது விதியின் தன்மையைத் தெளிவாக்குகின்றது. பட்டறை உரிமையாளர் திறமான கொல்லர். சில நிமிடங்களில் வேலையை முடித்திருப்பார். ஆனால் அவர் கைவைக்கலாகாது. ஓட்ட அதிகாரிகள் அருகே நின்று கண்காணிக்க, கிறிஸ்தோப்தான் உருக்கைக் காய்ச்சி, அடித்து, துளைத்து, பொருத்தினார். மூன்று மணித்தியாலத்துக்கு மேற் சென்றது. ஒரு கையில் இரும்பையும் மறு கையிற் சுத்தியலையும் பிடித்தவனால் துருத்தியை ஊத முடியாது. ஆகவே ஒரு சிறுவன் துருத்தியை இயக்கினான். அது பிறருதவி எனக் கொள்ளப்பட்டு அவருக்குப் பத்து நிமிடத் தண்டனை விதிக்கப்பட்டது. பின்னர் அது மூன்று நிமிடமாகக் குறைக்கப்பட்டது. ஏறத்தாழ நான்கு மணித்தியாலம் பின்தங்கி அன்று லூசோனை அடைந்த அவர், இறுதியில் ஏழாம் இடத்தைப் பெற்றார். வெற்றி பிலிப் தீஸ் என்பவருக்குச் சென்றது.

இந்நிகழ்ச்சி பிரான்சில் உறுதியின் உச்சமாகப் போற்றப்பட்டு, 1951இல் அவ்வூரில் நினைவுக் கல்லும் பதிக்கப்பெற்றது. அப்போற்றுதல் பொருத்தமானதே. எனினும் அதனோடு நின்றுவிடுவது வரலாற்று நோக்காகாது. முறிந்தது ஒரு தொழிற்சாலையின் உற்பத்திப் பொருள். முறிவின் விலையைச் செலுத்தியவர் அதனை ஓட்டிய தொழிலாளி. உற்பத்தியாளரின் குறை ஓட்டுபவரின் ஒழுக்கப் பரீட்சையாக மாற்றப்பட்டது. அப்பரீட்சை நாளேட்டில் வீரகாவியமாக விற்கப்பட்டது. 'பிறர் உதவி பெறாமை' என்ற உயர்ந்த சொல் யாருக்குப் பயன்பட்டது என்று கேட்பின், பட்டறையில் நின்றவருக்கு என்று விடை கூறுதல் அரிது. எந்த அணியையும் சாராது ஓடிய தனிப்போட்டியாளரின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. நாள் முழுதும் ஓடி இரவில் ஊர் சேர்ந்தபின், தங்குமிடத்தையும் உணவையும் தாமே தேடி, அடுத்த கட்டத்துக்காக வண்டியையும் தாமே திருத்தினர். அவர்தம் பெயர்கள் கல்லிற் பொறிக்கப்படவில்லை.

கிறிஸ்தோப்பின் கதை அத்தோடு முடியவுமில்லை. உலகப் போர் முடிந்து 1919இல் ஓட்டம் மீண்டும் நடந்தபோது முன்னணி வீரருக்கு மஞ்சட் சட்டை அணிவிக்கும் வழக்கம் தொடங்கியது. அதனை முதன்முதல் அணிந்தவர் அவரே. முடிவுக்கு முந்திய கட்டம், மெற்ஸிலிருந்து டன்கேர்க் வரை 468 கிலோமீற்றர், போரினாற் சிதைந்த வடபுலத்துப் பாதைகள். வலன்சியென் அருகே மீண்டும் முன்கவை முறிந்தது. மீண்டும் தாமே திருத்தினார். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் இழந்தார். வெற்றி பேர்மின் லம்போவுக்குப் போயிற்று. இம்முறை மக்கள் பொறுக்கவில்லை. நாளேட்டின் மூலம் திரண்ட நிதி வெற்றியாளனின் பரிசுத்தொகையையே விஞ்சியது. விதியை மாற்றாது நன்கொடையால் ஈடுசெய்த இச்செயலில் அக்காலத்து அறவுணர்வின் வலிமையும் எல்லையும் ஒருங்கே தெரிகின்றன. 1922இல் மூன்றாம் முறையும் அவர் கவை முறிந்தது. அவர் ஒரு முறையேனும் இவ்வோட்டத்தில் வெற்றிபெறவில்லை. ஆயினும் மிதியோடு பாதத்தைப் பிணைக்கும் கவ்விகளும் வார்களும் பல தசாப்தங்களாக அவர் பெயர் பொறித்தே விற்பனையாயின.

விதி படிப்படியாகவே தளர்ந்தது. 1934இல் இருபது வயதான றெனே வியெத்தோ, அணித்தலைவர் அந்தோனன் மாஞ் விழுந்தபோது தம் முன்சில்லையே கழற்றிக் கொடுத்துவிட்டு மதிற்சுவரில் அமர்ந்து அழுதார். மறுநாள் மீண்டும் மலையேறித் திரும்பிவந்து முழு வண்டியையும் கொடுத்தார். மாஞ் வென்றார், வியெத்தோ ஐந்தாம் இடம் பெற்றார். 1913இற் குற்றமாயிருந்த உதவி 1934இற் கடமையாயிற்று. ஆனால் உதவியின் திசை மேல்நோக்கியே இருந்தது என்பது கவனிக்கத்தக்கது. இரண்டாம் உலகப் போரின் பின்னர் அணிகளின் கார்கள் மாற்று வண்டிகளையும் பொறிவினைஞரையும் ஏற்றிக்கொண்டு பின்தொடர, ஓட்டவீரரின் இருக்கைக்குக் கீழிருந்த பை மறைந்தது.

பையிலிருந்த கருவிகள் வேறு கைகளுக்கும் சென்றன. 1941 டிசம்பர் 8ஆம் திகதி மலாயாவில் இறங்கிய யப்பானியப் படைகள் ஏறத்தாழ இரு மாதங்களில் யொகூர் நீரிணையை எட்டியமைக்குத் துவிச்சக்கர வண்டிப் படையினர் ஒரு முக்கிய காரணம். ஒவ்வொரு படைப்பிரிவோடும் திருத்துநர் குழு சென்றது. போருக்கு முன்னரே மலாயாவெங்கும் யப்பானிய வண்டிகள் மலிவாக விற்கப்பட்டிருந்தமையால் மாற்று உறுப்புகள் ஊர்தோறும் கிடைத்தன. மக்களின் வண்டிகளும் பறிக்கப்பட்டன. வெப்பத்தால் ரயர்கள் வெடித்து, ஒட்டுப்போட நேரமில்லாதபோது, அவற்றைக் கழற்றி எறிந்துவிட்டு வெறும் வளையத்தில் ஓடினர். அவ்விரும்பு ஓசையைக் கவச வாகனங்களின் ஓசையென எதிர்ப்படையினர் மயங்கியதும் உண்டு. தமிழர் பால் வெட்டிய தோட்டங்களின் நடுவே, ரயரில்லாத வண்டிகள் சென்றன. அத்தோட்டங்களிலிருந்து பல்லாயிரவர் பின்னர் சயாம் – பர்மா இரும்புப் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டு மாண்டனர்.

இலங்கையில், குறிப்பாகச் சமதரையான யாழ்ப்பாணக் குடாநாட்டில், துவிச்சக்கர வண்டி வேரூன்றியது யாவரும் அறிந்ததே. ஆசிரியரும் எழுதுவினைஞரும் பெருமையோடு பேணிய றலி, ஹம்பர், றட்ஜ் வண்டிகளோடு தோற்பைகளும் இங்கு வந்தன. எனினும் பையைக் காட்டிலும் சந்திக் கடையே இங்கு வழக்கமாயிற்று. ஒரு மரநிழல், நீர் நிரப்பிய பழைய தாச்சி, ரியூப்பை நீரில் அமிழ்த்திக் குமிழி பார்க்கும் கை, பக்கத்திற் சாய்த்துவைத்த ஒரு பம்பி. நம்மூர்ப் பட்டறை பெரும்பாலும் இவ்வளவே. மேற்கு நாட்டவன் இருக்கையின் கீழ்க் காவிச் சென்றதனை இங்கு ஊர் தன்னிடம் வைத்திருந்தது. வால்வுக் குழாயில் ஒரு துண்டுக்குக் காசு வாங்க மறுப்போரும், பம்பியை எவருக்கும் எடுத்துக் கொடுப்போரும் இருந்தமையாற் பையின் தேவை குறைந்தது எனலாம்.

1970 முதல் 1977 வரை இறக்குமதிகள் கட்டுப்படுத்தப்பட்டிருந்த காலத்தில் பழையதைப் பேணும் இத்திறன் மேலும் வளர்ந்தது. 1990களிற் பொருளாதாரத் தடை நிலவியபோது அதுவே வாழ்வாதாரமாயிற்று. எரிபொருள் அரிதான குடாநாட்டில் நோயாளியையும் விறகையும் நெல்மூட்டையையும் சுமந்தது துவிச்சக்கர வண்டியே. மின்கலம் தடைசெய்யப்பட்டமையால், வண்டியைக் கவிழ்த்து நிறுத்தி மிதியைக் கையாற் சுழற்றி, அதன் டைனமோவிலிருந்து பெற்ற மின்னில் வானொலிச் செய்தி கேட்டனர். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமத்து மக்கள் தென்மராட்சி நோக்கி இடம்பெயர்ந்தபோது, சன நெரிசலில் ஓட்ட முடியாத வண்டிகளைச் சுமைகளோடு உருட்டிச் சென்றனர். அன்றிரவு அவ்வழியில் ரயர் காற்றுப்போனோருக்குச் சந்திக் கடையும் இல்லை, கடைக்காரரும் இல்லை. அவரும் அக்கூட்டத்தில் ஒருவராக வண்டி உருட்டிச் சென்றுகொண்டிருந்தார்.

ஓட்டக்களத்திலிருந்து மறைந்த கருவிப்பை ஓரிடத்தில் மட்டும் விதியோடு சேர்ந்தே நிலைத்திருக்கின்றது. தெறோன் 1891இல் வென்ற பாரிஸ் – பிறெஸ்ற் – பாரிஸ், தொழில்முறை ஓட்டவீரருக்கான போட்டியாக 1951இல் இறுதியாக நடந்தது. அதன் பின்னர் பொழுதுபோக்காக வண்டியோட்டுவோருக்கான நெடும்பயணமாக அது தொடர்ந்து, இன்று நான்காண்டுகளுக்கு ஒரு முறை நடைபெறுகின்றது. 2023இல் 6,000க்கு மேற்பட்டோர் அதிற் கலந்துகொண்டனர். 90 மணித்தியாலத்துக்குள் 1,200 கிலோமீற்றரை முடிக்க வேண்டும், பரிசு எதுவுமில்லை. பின்தொடரும் வாகனத்துக்கு இடமில்லை; துணைவந்தோர் கட்டுப்பாட்டு நிலையங்களில் மட்டுமே உதவலாம். நிலையத்துக்கும் நிலையத்துக்குமிடையே இருளிற் காற்றுப் போனால், ஓட்டுபவர் தெருவோரத்தில் இறங்கி, கைவிளக்கை வாயிற் கவ்விக்கொண்டு, இருக்கையின் கீழ்ப் பையைத் திறக்கின்றார்.